சைலன்சரை மாற்றினால் ஏற்றத்தில் வண்டி இழுக்குமா?

இந்த முறை சைலன்சர் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். குன்னூர் மலைப்பாதையில் ஓடும் வண்டிகளைப் பல வருடங்களாகப் பழுது பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

1.2 லிட்டர் பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். மேட்டுப்பாளையத்தில் நன்றாக ஓடுகிறது, கோத்தகிரி ஏறும்போது மூச்சு வாங்குகிறது. புகைக்குத் தடை குறைந்த 'ஃப்ரீ ஃப்ளோ' சைலன்சர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். போடலாமா? – கோத்தகிரி வாசகர்

மூச்சு வாங்குகிறது என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோத்தகிரி 1,800 மீட்டரை ஒட்டி, ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஊட்டிக் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் போகும் ஆக்சிஜனும் அதே அளவு குறைகிறது, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு அதற்கேற்ப பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது. கடற்கரையில் 80 குதிரைத்திறன் தரும் என்ஜின் ஊட்டியில் 65 பக்கம்தான் தரும்.

குறை காற்று உள்ளே வரும் இடத்தில். நீங்கள் மாற்றப் போவதோ புகை வெளியே போகும் இடத்தை. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள குழாயையும், சத்தத்தை அடக்கும் மஃப்ளரையும் மாற்றினால், இவ்வளவு சிறிய என்ஜினில் இரண்டு மூன்று குதிரைத்திறன் கூடினாலே பெரிது. அதுவும் 5,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 5,000 சுற்று) பக்கம் போனால்தான். கொண்டை ஊசி வளைவில் நீங்கள் 2,000 ஆர்பிஎம்மில் திணறிக்கொண்டிருப்பீர்கள்.

ஏர் ஃபில்டர், பிளக், கிளட்ச், டயர் காற்று, இந்த நான்கையும் பாருங்கள். வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறையுங்கள். அடுத்த கார் வாங்கும்போது டர்போ உள்ளதாகப் பாருங்கள். டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் மேலே வர வர இழப்பது குறைவு.

சத்தம் கூடியதும் வேகமும் கூடிவிட்டது என்று காது நம்பிவிடும். ஒரே ஏற்றம், ஒரே கியர், ஒரே சுமை. கையில் கடிகாரத்தோடு ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். நான் அப்படிப் பார்த்த வண்டிகளில் பெரும்பாலும் ஒரு மாற்றமும் தெரியவில்லை.

'பேக் பிரஷர்' இல்லாவிட்டால் பிக்கப் போய்விடும் என்கிறார்களே, உண்மையா? – லவ்டேல் வாசகர்

பிக்கப் போவது உண்மை, சொல்லும் காரணம் தவறு. பேக் பிரஷரால், அதாவது வெளியேறும் புகைக்கு எதிரான தடையால், என்ஜினுக்கு எந்த நன்மையும் கிடையாது. புகையை வெளியே தள்ள பிஸ்டன் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

உண்மையில் வேலை செய்வது புகையின் வேகம். அது சீரான ஓட்டமாக வருவதில்லை, துடிப்பு துடிப்பாக வருகிறது. ஒரு துடிப்பு வேகமாக ஓடும்போது அதன் பின்னால் அழுத்தம் குறையும், அடுத்த சிலிண்டரில் மிஞ்சிய புகையை அது இழுத்துக்கொண்டு போகும். நம் மலை ரயிலின் நீராவி என்ஜினை நினைத்துப் பாருங்கள். வேலை முடித்த நீராவியை ஒரு குறுகிய குழல் வழியாகப் புகைபோக்கிக்குள் பாய்ச்சுகிறார்கள். அந்தப் பாய்ச்சல் நெருப்பறைப் புகையையும் சேர்த்து இழுக்கிறது. நாம் கேட்கும் 'குப் குப்' அதுதான். எனக்கு இதைவிட நல்ல பாடம் கிடைத்ததில்லை.

காரில் அளவுக்கு மீறிப் பருத்த குழாயைப் போட்டால், குறைந்த ஆர்பிஎம்மில் புகை மந்தமாகிவிடும், இழுப்பும் போய்விடும். 7,000 ஆர்பிஎம்மில் ஓடும் பந்தயக் காருக்கு அது ஒத்துவரும், மலை ஏறும் குடும்பக் காருக்கு ஒத்துவராது. டர்போ கணக்கு வேறு. டர்போவுக்குப் பின்னால் தடை குறையக் குறைய அதற்கு நல்லதுதான்.

சைலன்சரை மாற்றிவிட்டேன். இப்போது 2,500 ஆர்பிஎம்மில் காருக்குள் 'ஊம்' என்று ஒரே இரைச்சல், மனைவிக்குத் தலைவலி. என்ன செய்வது? – கேத்தி வாசகர்

நான்கு சிலிண்டர் என்ஜின் 2,500 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 83 முறை வெடிக்கிறது. அந்தத் தாழ்ந்த அதிர்வு உங்கள் கேபினுக்குள் ஒத்ததிர்வு கொள்கிறது. பழைய குழாயில் இருந்த ரெசொனேட்டர் என்ற அறை அதைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தது. அதை வெட்டி எறிந்திருப்பார்கள். திரும்பப் போடச் சொல்லுங்கள். குழாயைத் தொங்கவிடும் ரப்பர்களையும் பாருங்கள், கடினமாகிவிட்டால் அதிர்வு பாடிக்கு ஏறும். பழைய சைலன்சர் வீட்டில் இருந்தால் அதையே மாட்டுவது இன்னும் நல்லது.

பிஎஸ்6 புகை விதிப்படி வந்த டீசல் கார். டிபிஎஃப் (டீசல் புகையின் கரித்தூளை வடிகட்டும் பாகம்) விளக்கு அடிக்கடி எரிகிறது. எடுத்துவிட்டால் பவர் கூடும் என்கிறார்கள். – கூடலூர் வாசகர்

வேண்டாம். அது பிடித்து வைக்கும் கரித்தூள் உங்கள் பிள்ளைகளின் நுரையீரலுக்குத்தான் போகும். வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்ய அதற்குள் 600 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் வேண்டும். பஜாருக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓட்டினால் அது வராது, நீண்ட இறக்கத்திலும் புகை ஆறிவிடும். விளக்கு எரிந்ததும் கையேட்டில் சொன்னபடி, நிறுத்தாமல் சீரான வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். அப்படியும் அணையாவிட்டால் சென்சாரையும் இன்ஜெக்டரையும் சோதியுங்கள்.

சைலன்சரை மாற்றினால் போலீஸ் பிடிப்பார்களா? – குன்னூர் வாசகர்

பிடிக்கலாம். தயாரிப்பாளர் பதிவு செய்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தடுக்கிறது. ஒலி, புகை வரம்பை மீறினால் 190ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

எனக்கு அபராதத்தைவிட வேறு கவலை. கல்லாறு–பர்லியார் பக்கம் யானைகள் சாலையைக் கடக்கின்றன. தேயிலைத் தோட்டங்களில் காட்டுமாடுகள் நிற்கின்றன. வளைவுக்கு அந்தப்பக்கம் குட்டியோடு நிற்கும் யானைக்கு அந்த உறுமல் எப்படிக் கேட்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

காலையில் சைலன்சரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கோளாறா? – ஊட்டி வாசகர்

பெரும்பாலும் இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். குளிர்ந்த குழாயில் அது சொட்டாகிறது. ஆனால் தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் அந்தத் தண்ணீர் மஃப்ளரிலேயே தங்கி உள்ளிருந்து துருப்பிடிக்கும். சத்தம் தானாகக் கூடிவிட்டால் ஓட்டை விழுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பனிமூட்டத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டும்போது, அந்த ஓட்டை வழியாகக் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம், வாசனையே தெரியாது. வண்டி ஆறியிருக்கும்போது திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்து, ஈரத் துணியால் வால்குழாயைச் சில விநாடிகள் மட்டும் அடைத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கீழே காது கொடுங்கள். 'புஸ்' என்று எங்கே கேட்கிறதோ அங்கேதான் ஓட்டை.