மாசிக் கடைசியில் வெள்ளியங்கிரி: அப்பாவை அழைத்துப் போகலாமா?

கேள்வி: சிவராத்திரிக் கூட்டம் ஓய்ந்ததும், 58 வயதான என் அப்பாவுடன் கோவை வெள்ளியங்கிரி மலை ஏற நினைக்கிறேன். மேலே குளிர் எப்படி இருக்கும்? சுனைத் தண்ணீரை நம்பலாமா? இரவில் ஏறுவது நல்லதா?

பதில்: குளிரைப் பற்றிப் பிறகு பார்ப்போம். முதலில் அப்பாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அண்மை ஆண்டுகளில் இந்த மலையில் மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் பக்தர்கள் பலர் இறந்திருக்கிறார்கள். இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா இருந்தால் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்வதை வெறும் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உச்சிக்குப் போகும் வழியில் கடக்கும் ஏழு மலைகளில் ஆளைச் சோதிப்பது முதல் மலைதான். அடிவாரத்துப் பூண்டி கோயிலைத் தாண்டியதுமே செங்குத்தான படிகள். உற்சாகத்தில் வேகமாக ஏறுகிறவர்கள் வெள்ளைப் பிள்ளையார் கோயிலுக்குள்ளேயே பாதி பலத்தை இழந்துவிடுகிறார்கள். அப்பாவை முன்னால் விட்டு, அவர் நடைக்கு நீங்கள் நடங்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே போங்கள். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் உட்கார வையுங்கள். உட்கார்ந்தும் அடங்கவில்லை, நெஞ்சை அழுத்துகிறது, இடது தோள் வலிக்கிறது என்றால் அங்கேயே ஓய்வு கொடுத்து உதவி கேளுங்கள். அதற்கு மேல் ஒரு படிகூட ஏற வேண்டாம்.

இனி குளிர். உச்சி சுமார் 6000 அடி உயரம். மாசியில் அடிவாரத்தில் பகல் வெயில் சுட்டாலும், விடியற்காலையில் மேலே அடிவாரத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும். தெற்கே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடப்பதால் காற்றுக்கும் குறைவில்லை. வியர்வையில் நனைந்த சட்டையோடு ஆறாவது மலையின் புல்வெளியில் நின்றால் பல் தந்தியடிக்கும். கனத்த ஸ்வெட்டரைவிட, பாலித்தீன் பையில் சுற்றிய உலர்ந்த சட்டையும் காதை மூடும் குல்லாவும் உதவும். அங்குள்ள ஆண்டி சுனையில் குளிப்பது வழக்கம்தான். ஆனால் அந்த நேரத்தில் தண்ணீர் பனிக்கட்டிபோல இருக்கும். அப்பா தலையில் தெளித்துக்கொண்டால் போதும். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

சுனைகள் இந்தப் பருவத்தில் மெலிந்திருக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரைச் சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள். அடிவாரத்தில் பிளாஸ்டிக் சோதனை உண்டு.

இரவில் ஏறினால் வெயில் இல்லை, சூரிய உதயமும் கிடைக்கும். ஆனால் பலரும் இறக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. தூங்காத உடம்போடு, நடுப்பகல் வெயிலில், இலை உதிர்ந்த மூங்கில் காட்டு வழியே இறங்கும்போதுதான் முழங்கால் நடுங்கும், கால் பிசகும். உங்கள் அப்பாவுக்கு நான் சொல்வது இதுதான்: முந்தைய பகலில் நன்றாகத் தூங்கிவிட்டு, முன்னிரவிலேயே கூட்டத்தோடு சேர்ந்து புறப்படுங்கள். அடிவாரக் காட்டில் யானை நடமாட்டம் உண்டு. குறுக்கு வழி வேண்டாம். தரிசனம் முடிந்ததும் மேலே தங்காமல் இறங்கத் தொடங்குங்கள். அடிவாரத்தில் வாங்கும் மூங்கில் தடி ஏறும்போது சுமையாகத் தெரிந்தாலும், வழுக்குப்பாறையில் இறங்கும்வரை கையைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.