சம்பளம் 32,000, நான் தன்பாலீர்ப்புள்ள ஆண்: எந்தப் பெருநகரத்துக்குக் குடிபோகலாம்?

கேள்வி நீளமாக இருந்தது, சுருக்கிச் சொல்கிறேன். கேட்டவருக்கு வயது 26, ஊர் சங்கரன்கோவில் பக்கம், அக்கவுன்ட்ஸ் வேலை. பெரிய ஊருக்கு மாறினால் மாதம் 32,000 வரை கிடைக்கும். தன்பாலீர்ப்பு உள்ள ஆண், வீட்டில் தெரியாது. பெங்களூரு, சென்னை, ஹைதராபாத், மும்பை, இவற்றில் எங்கே போனால் கையையும் கடிக்காமல் கொஞ்சம் நிம்மதியாகவும் இருக்கலாம்?

எனக்குக் கோவில்பட்டி. 2011இல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவன். எட்டு வருடம் பெங்களூரு, நடுவில் ஆபீஸ் வேலையாக ஆறு மாதம் மும்பை, 2019இலிருந்து சென்னை. இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு பெங்களூரு என்பார்கள். 32,000 சம்பளத்துக்கு என் பதில் சென்னை. ஏன் என்று சொல்கிறேன், அதிலுள்ள வில்லங்கத்தையும் சேர்த்தே.

முதலில் சட்டத்தை ஒதுக்கி வைத்துவிடலாம், ஏனென்றால் அது எல்லா ஊருக்கும் ஒன்றுதான். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை நம் தலையிலிருந்து இறக்கி வைத்தது. 2024 ஜூலையில் இபிகோ போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது அந்தப் பிரிவே இல்லாமல் போனது. கல்யாணம் கிடையாது என்று 2023 அக்டோபரில் சொல்லிவிட்டார்கள். இருவர் பெயரிலும் பேங்க் ஜாயின்ட் அக்கவுன்ட் திறக்கலாம், துணையை நாமினியாகப் போடலாம் என்று 2024 ஆகஸ்டில் மத்திய அரசு விளக்கம் கொடுத்தது. இதில் எதுவும் பெங்களூருக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று என்று மாறாது. மாறுவது வாடகை, ஹவுஸ் ஓனர், பக்கத்து வீடு, போலீஸ் ஸ்டேஷன்.

பெங்களூரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எனக்கு என்னைப் பற்றிப் பேச வார்த்தை கிடைத்ததே அங்கேதான். 1994இலிருந்தே அங்கே 'குட் அஸ் யூ' என்று நம்மவர்களின் குழு ஒன்று உண்டு. 2008 ஜூன் 29 அன்று டெல்லி, கொல்கத்தாவோடு ஒரே நாளில் பெங்களூரிலும் வானவில் (பிரைடு) ஊர்வலம் போனது. 2013 டிசம்பர் 11, 377இலிருந்து டெல்லி உயர் நீதிமன்றம் கொடுத்த விடுதலையை உச்ச நீதிமன்றம் திரும்பப் பிடுங்கிய நாள். அன்று சாயங்காலம் அழுவதற்கு எனக்கு ஒரு இடம் இருந்தது, கூட அழ முப்பது பேர் இருந்தார்கள். கோவில்பட்டியில் இருந்திருந்தால் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருப்பேன்.

ஆனால் ராத்திரி திரும்பிப் போக வேண்டியது பிஜிக்கு. மடிவாளா பக்கம், ஒரு அறையில் மூன்று கட்டில். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு பக்கெட் வைக்கிற அளவு இடம். போனில் ஒரு மெசேஜ் வந்தால் வெளிச்சம் மூன்று பேர் முகத்திலும் அடிக்கும். பக்கத்துக் கட்டில்காரன் நல்ல பையன்தான், தூக்கம் வராமல் திரும்பிப் படுத்து, "யாருடா மச்சி இந்நேரத்துல?" என்பான். இல்லாத ஒரு பெண்ணுக்கு நான் பெயர் வைத்து, ஊர் வைத்து, அவளோடு சண்டை போட்டு, கடைசியில் பிரிந்தும் விட்டேன். அவளுக்காக அவன் எனக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தான். ஊர் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் அந்தத் தாராளம் பிஜி கேட்டோடு நின்றுவிடும்.

தனி வீடு எடுக்க எனக்கு ஐந்து வருடம் ஆனது. 2016இல் பிடிஎம் லேஅவுட்டில் ஒற்றைப் படுக்கையறை வீடு, வாடகை 13,000. அங்கே அப்போது பத்து மாத அட்வான்ஸ் கேட்பது வழக்கம், ஆக 1,30,000. அதற்காக வாங்கிய கடன் தீர்ந்த நேரத்தில் வாடகையை ஏற்றினார்கள். இன்றைக்கு அதே பகுதியில் அந்த வாடகைக்கு வீடு கேட்டால் புரோக்கர் போனை வைத்துவிடுவார். உங்கள் சம்பளத்துக்கு பெங்களூரு என்றால் பிஜிதான், அல்லது மூன்று பேரோடு பங்கு வீடு. அந்த மூன்று பேரும் நம்மவர்களாக அமைந்தால் அதுவே சொர்க்கம். எனக்கு அமையவில்லை, சிலருக்கு அமைந்திருக்கிறது.

அதனால் என் கணக்கு வேறு. எந்த ஊரில் உங்கள் சம்பளத்துக்குத் தனி வாசல் உள்ள வீடு கிடைக்கிறதோ, அதுதான் உங்களுக்கு அனுசரணையான ஊர்.

சென்னையில் அது கிடைக்கும். அம்பத்தூர், ஆவடி, வில்லிவாக்கம், குரோம்பேட்டை உள்பக்கம், தாம்பரம் தாண்டி என்று மின்சார ரயிலை ஒட்டித் தேடினால், நான் பார்த்தவரை 10,000 சுற்றி ஒற்றைப் படுக்கையறை வீடு இன்னமும் மாட்டுகிறது. சீசன் டிக்கெட் செலவு ஒரு பொருட்டே இல்லை. ஓஎம்ஆர் பக்கம் போகாதீர்கள், அங்கே வாடகை ஐடி சம்பளத்துக்குத் தைத்தது. அட்வான்ஸ், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்று 2019இல் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் சொல்கிறது. ஓனர்கள் அந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் ஐந்து மாத அட்வான்ஸில் பேசி முடிக்கலாம்.

நான் வில்லிவாக்கத்தில் வீடு பார்த்த கதையைச் சொல்ல வேண்டும். பேச்சுலர் என்றால் பாதிக் கதவு மூடிவிடும், அது எல்லோருக்கும் தெரிந்ததே. நானும் என் துணையும் (அப்போது பழகி ஒரு வருடம்) சேர்ந்து போனோம். புரோக்கர் வழியிலேயே பாடம் நடத்தினார்: "ஐடின்னு சொல்லுங்க. வெஜ்ஜான்னு கேட்டா சிரிச்சிருங்க." ஓனர் அம்மா மாடிப்படியில் நின்றபடி விதிகளைச் சொன்னார். மோட்டார் காலை ஆறு மணிக்கு. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. குடி கூடாது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "முக்கியமா, பொண்ணுங்க யாரும் வரக்கூடாது தம்பி." ரெண்டு பேரும் ஒரே குரலில் சத்தியம் செய்யாத குறைதான். அந்த வாக்கை இன்றுவரை காப்பாற்றி வருகிறோம்.

சிரிப்பாக இருந்தாலும் நம் ஊர் நிலவரம் இதுதான். இரண்டு ஆண்கள் ஒரு வீட்டில் இருந்தால் யாருக்கும் எதுவும் தோன்றாது, ரூம்மேட் என்ற ஒரு சொல் போதும். ஒப்பந்தத்தில் இரண்டு பேர் பெயரையும் போட்டுவிடுங்கள். முகவரிச் சான்றுக்கும் ஆகும், நாளைக்கு ஒருவர் வெளியூர் போனாலும் மற்றவர் நடுத்தெருவில் நிற்க வேண்டாம். பெண்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. இரண்டு பெண்கள் வீடு கேட்டுப் போனால் அப்பா யார், அண்ணன் எங்கே என்று விசாரணைக் கமிஷனே நடக்கும். திருநங்கைகள், திருநம்பிகளுக்கு வீடு கிடைப்பது இதைவிடப் பெரிய பாடு. நான் சொல்வது நம் போன்ற ஆண்களுக்கான கணக்கு மட்டும்.

போலீஸ் விஷயத்திலும் சென்னைக்கு ஒரு சாதகம் உண்டு, அதற்குக் காரணமானவர்கள் ஒருவரையொருவர் காதலித்த மதுரைப் பெண்கள் இருவர். வீட்டில் எதிர்த்ததால் சென்னைக்கு ஓடி வந்தார்கள், வீட்டார் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள், போலீஸ் தேடி வந்தது, அவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இது சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்துதான் 2021 ஜூன் 7 அன்று உத்தரவு போட்டார். 'குணப்படுத்துகிறேன்' என்று மருத்துவம் செய்வதற்குத் தடை, போலீஸ் தொந்தரவுக்குத் தடை. 2022இல் தமிழ்நாடு போலீஸ் நடத்தை விதிகளிலேயே, நம்மைத் துன்புறுத்தக்கூடாது என்று திருத்தம் வந்தது. இருபத்தி மூன்று வயதில் என்னை மதுரையில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். மூன்று மாதம் மாத்திரை தின்று பகலெல்லாம் தூங்கினேன். அந்த உத்தரவைப் படித்தபோது அந்த மாத்திரை அட்டைதான் ஞாபகம் வந்தது.

காகிதத்தில் இருப்பது எல்லாக் காவலருக்கும் தெரிந்திருக்காது. ராத்திரி கடற்கரையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் இப்போதும் டார்ச் அடிப்பார்கள். ஆனால் பதில் சொல்ல நம் கையில் ஒன்று இருக்கிறது, அதையும் தமிழில் சொல்லலாம். இந்தத் தமிழ் விஷயத்தை லேசாக நினைக்காதீர்கள். டேட்டிங் ஆப்பில் பேசி வரவழைத்து, போட்டோ எடுத்து, பணம் பறிக்கிற கும்பல் எல்லா ஊரிலும் உண்டு. மாட்டினால் புகார் எழுத, வக்கீலிடம் பேச, டாக்டரிடம் வெட்கத்தை விட்டுச் சொல்ல நம் மொழி வேண்டும். முதல் சந்திப்பு டீக்கடை, மெட்ரோ ஸ்டேஷன் மாதிரி ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில்தான், எவ்வளவு அழகாக இருந்தாலும். எச்ஐவி பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற போர்டு இருக்கும் அறையில், இலவசம்.

ஆட்களுக்கும் பஞ்சம் இல்லை. 2009இலிருந்து ஜூன் மாதத்தில் வானவில் சுயமரியாதைப் பேரணி நடக்கிறது. ஓரினம் என்ற குழுவின் தளத்தில் தமிழிலேயே வாசிக்கலாம், கூட்டங்களுக்குப் போகலாம். பெங்களூரு அளவுக்கு பார்ட்டி கிடையாது. உங்கள் சம்பளத்துக்கு எப்படியும் அந்தப் பார்ட்டிக்குப் போக முடியாது.

மற்ற ஊர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மும்பை இந்த விஷயத்தில் மூத்த ஊர். நம்மவர்களின் பத்திரிகை பாம்பே தோஸ்த் தொடங்கியது 1990, நம்மவர்களுக்கான ஹம்சஃபர் டிரஸ்ட் 1994. லோக்கல் ரயில் கூட்டத்தில் யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை, அது ஒரு பெரிய விடுதலை. ஆனால் செம்பூரில் நான் கம்பெனி செலவில் இருந்ததால்தான் பிழைத்தேன். உங்கள் சம்பளத்தில் பாதி வாடகைக்கே போய்விடும். ஹைதராபாத் எனக்கு இரண்டாவது தேர்வு: அட்வான்ஸ் இரண்டு மாதம் போதும், வாடகை பெங்களூரைவிடக் குறைவு, சொந்தக்காரர் யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார். தெலுங்கு கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் யோசியுங்கள். கொல்கத்தா மலிவு. தெற்காசியாவின் முதல் வானவில் நடை 1999இல் அங்கேதான், பதினைந்து பேரோடு நடந்தது. ஆனால் அக்கவுன்ட்ஸ் வேலைக்காக சங்கரன்கோவிலிலிருந்து அங்கே போவானேன். டெல்லி குளிரும் வாடகையும் எனக்கு ஒத்துவராது, அதனால் பேசவில்லை.

சரி, சென்னையின் வில்லங்கம். சொந்தக்காரர்கள். பொதிகை எக்ஸ்பிரஸ் உங்கள் ஊரில் சாயங்காலம் ஏறினால் காலையில் இங்கே இறக்கிவிடும். பரீட்சை எழுத வருவார்கள், ஆஸ்பத்திரிக்கு வருவார்கள், விசாவுக்கு வருவார்கள். "தம்பி, ஸ்டேஷன்லதான் நிக்கிறோம், உன் ரூமுக்கு எப்படி வரணும்?" லாட்ஜ் போடச் சொன்னால் ஊரில் ஏழு தலைமுறைக்குப் பேசுவார்கள். ஒற்றைப் படுக்கையறை, ஒரே கட்டில், இரண்டு ஆண்கள் என்றால் அத்தைக்குக்கூட ஒரு கேள்வி வரும். முதல் வருடம் சித்தி திடீரென்று வந்தபோது அவன் நான்கு நாள் ஆபீஸ் நண்பன் வீட்டில் படுத்தான். திரும்பி வந்து இரண்டு நாள் பேசவில்லை. நியாயம்தான்.

அதற்கப்புறம் பெரம்பூரில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு மாறினோம். வாடகை 16,000, ஆளுக்குப் பாதி. இரண்டாவது அறை 'அவனுடைய அறை'. அதில் ஒரு கட்டில், ஒரு பீரோ, அவன் அப்பா போட்டோ. பழைய வீட்டைவிட மாதம் சில ஆயிரம் கூடுதல். அதை மறைப்புச் செலவு என்று தனியாக எழுதி வைக்கிறோம், கேபிள் பில் மாதிரி. நீங்களும் பட்ஜெட் போடும்போது இப்படி ஒரு வரி போட்டுக்கொள்ளுங்கள். தனியாக இருக்கிறவரை இது தேவைப்படாது. துணை அமைந்தால் வாடகை பாதியாகும், அறை இரண்டாகும், கணக்கு சரியாகிவிடும்.

வந்து இறங்கியதும் உடனே வீடு பிடிக்காதீர்கள். ஒரு மாதம் திருவல்லிக்கேணி மேன்ஷனில் தனி அறை எடுங்கள். கரப்பான்பூச்சி இருக்கும், கேள்வி இருக்காது. அந்த மாதத்தில் ஒரு கூட்டத்துக்காவது போய் நான்கு முகம் பழகிக்கொள்ளுங்கள். வாடகைக்கு ஆள் தேடுகிற நம்மவர்கள் அங்கேதான் கிடைப்பார்கள். வீடு பார்க்கும்போது ஓனர் அதே கட்டடத்திலா, மாடிப்படி அவர் வாசல் வழியாகவா, ஜன்னல் யார் வீட்டு அடுப்படிக்கு எதிரே என்று பாருங்கள். தண்ணீரைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள், 2019 கோடையை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை.

இந்த வாரக் கடைசியில் பெரியப்பா கண் ஆபரேஷனுக்கு வருகிறார், பத்து நாள் தங்கல். இன்று சாயங்காலம் அவன் சட்டைகளை அந்த பீரோவுக்கு மாற்ற வேண்டும்.