லாகின் யார் கையில்?

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறோம். நூல் முதல் துணி வரை எங்கே, யார் கையில் தயாரானது என்று பிளாக்செயினில் காட்டும்படி ஐரோப்பிய பையர் கேட்கிறார். சித்தப்பாவின் சாயப்பட்டறை மட்டும் பதிவு போட மாட்டேன் என்கிறது. முதல் மீட்டிங்குக்கு அவரைக் கூப்பிடவில்லை. லாகின் எல்லாம் எங்கள் ஆபீசில்தான். பழைய ஆள், கம்ப்யூட்டர் பயம். எப்படிப் புரியவைப்பது?

பதில்: 'கம்ப்யூட்டர் பயம்' என்று எனக்கு எழுதாதவர் இல்லை. பட்டறைகளில் சரக்கு அனுப்ப ஆன்லைனில் இ-வே பில் போடுகிறவர்களும் பழைய ஆட்கள்தான், தம்பி. முதல் மீட்டிங்குக்குச் சித்தப்பாவைக் கூப்பிடவில்லை என்று அரை வரியில் தாண்டிவிட்டீர்கள். ஏன் கூப்பிடவில்லை?

ஒருவரையொருவர் முழுசாக நம்பாத பலர், யாரும் தனியாக மாற்ற முடியாதபடி சேர்ந்து வைக்கும் கணக்குக்குத்தான் பிளாக்செயின் என்று பெயர். சாவி மொத்தமும் உங்கள் ஆபீசில் இருந்தால் அது உங்கள் வீட்டு நோட்டு. அதற்கு எதற்கு இவ்வளவு செலவு?

கப்பல் கம்பெனியான மேர்ஸ்க்கும் கம்ப்யூட்டர் கம்பெனியான ஐபிஎம்மும் 2018-ல் கப்பல் சரக்குக்காக டிரேட்லென்ஸ் என்ற பிளாக்செயின் தளத்தைத் தொடங்கின. நம் சரக்கு விவரம் மேர்ஸ்க் கைக்குப் போகுமே என்று போட்டிக் கம்பெனிகள் தயங்கின. பிறகு சில பெரிய கம்பெனிகள் சேர்ந்தும், துறை முழுக்க ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி 2022 நவம்பரில் மூடுவதாக அறிவித்தார்கள். வாங்குகிறவர் பெரிய கை என்றால் வேலை நடக்கும் என்பதும் உண்மைதான். அமெரிக்கக் கடைச் சங்கிலியான வால்மார்ட் நடத்திய பிளாக்செயின் சோதனையில், மாம்பழம் எந்தத் தோட்டத்தது என்று கண்டுபிடிக்க ஏழு நாள் ஆனது 2.2 வினாடியாகக் குறைந்தது. ஆனால் உங்கள் சித்தப்பாவிடம் வால்மார்ட் மாதிரி பேசலாமா? கூடப் பிறந்தவருடைய பட்டறை என்று உங்கள் அப்பா நம்பிக் கொடுத்த லாட்டில்தான் உங்கள் கம்பெனி வளர்ந்திருக்கும்.

சாயக் கழிவுநீர் பிரச்சினையில் 2011 ஜனவரியில் வந்த உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடிக்கிடந்ததைப் பார்த்த மனுஷர் அவர். சாயத்தில் எடை எவ்வளவு குறைந்தது, தண்ணீர்க் கணக்கு என்ன, இதெல்லாம் ஒருமுறை ஏறினால் அழியாது. யார் பார்ப்பார்கள் என்றும் தெரியாது. அவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. பயந்துபோய் ஒப்புக்கு ஒரு எண்ணைப் போட்டால், அந்தப் பொய்யும் அழியாமல் நிற்கும். உங்கள் சர்ட்டிபிகேட்டுக்கே ஆபத்து.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போங்கள். லேப்டாப் வேண்டாம். கூப்பிடாதது தப்பு என்று முதலில் சொல்லுங்கள். அவருடைய சலான் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, கார்பன் நகலில் சாயக் கை பட்ட பக்கங்களைச் சேர்ந்து புரட்டுங்கள். எதைப் பதிவது, யார் பார்ப்பது என்பதை அவர் வாயால் கேட்டு எழுதுங்கள். அவருக்குத் தனி லாகின் கொடுங்கள். அதுவரை பையரிடம் ஒரு மாதம் அவகாசம் வாங்குங்கள்.