ஆரியங்காவிலிருந்து திரும்பி வந்தது தப்பா?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் இருக்கிறேன். போன ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஒன்பது வண்டி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கிற தென்மலைக்குக் கிளம்பினோம். என்னுடையது அப்பா ஓட்டிய பழைய நூறு சிசி வண்டி, பின்னால் என் அத்தை மகன். மற்றதெல்லாம் பெரிய வண்டி. ஆலங்குளம் வரைக்கும் நல்ல வெயில், காற்று மட்டும் ஆளைத் தள்ளியது. தென்காசி தாண்டியதும் சாரல். செங்கோட்டையில் டீ குடித்துவிட்டுப் புளியரை ஏற்றத்தில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. கோட்டைவாசல் பக்கம் மேகம் ரோட்டிலேயே இறங்கிவிட்டது. முன்னால் போனவர்களின் சிவப்பு லைட் கொஞ்ச நேரம் தெரிந்தது, அப்புறம் அதுவும் இல்லை. போனில் சிக்னல் கிடைக்கவில்லை. எல்லை தாண்டி ஆரியங்காவில் ஒரு கடை ஓரமாக முக்கால் மணி நேரம் நின்றோம். யாரும் திரும்பி வரவில்லை. அத்தை மகனுக்கு நடுக்கம் நிற்கவே இல்லை, பேசினால் பல் தந்தியடித்தது. நான் வண்டியைத் திருப்பிவிட்டேன். பயத்தில் இறக்கம் முழுக்க நியூட்ரலில், பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினேன்.

வாட்சப் குழுவில் இன்றைக்கும் என் பெயர் 'ஆரியங்காவு'தான். இரண்டு மாதமாக மனசில் கிடந்து உறுத்துகிறது. நான் திரும்பியது தப்பா? டிசம்பரில் மாஞ்சோலை போகலாம் என்கிறார்கள். என்னை மாதிரி ஆள் இனிமேல் கூட்டத்தோடு போகலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள தம்பி,

நீங்கள் திரும்பியது சரி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் உட்கார்ந்திருப்பவன் குளிரில் நடுங்க ஆரம்பித்துவிட்டால் அதற்கு மேல் பயணம் கிடையாது, உலர்ந்த இடமும் சூடான டீயும்தான். ஓட்டுகிறவனாவது கை கால் அசைக்கிறான், பின்னால் இருப்பவன் ஈரச் சட்டையோடு காற்றில் சும்மா உட்கார்ந்திருக்கிறான், அவனுக்குத்தான் முதலில் விறைக்கும். அதைக் கவனித்தீர்களே, அது போதும்.

மழையைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனி ஆடியில் அந்தப் பாதையில் மழை வரத்தான் செய்யும். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் கொட்டித் தீர்க்கிறது. மலை தடுத்துவிடுவதால் பாளையங்கோட்டையில் நமக்கு வெறும் காற்றும் வெயிலும்தான். ஆனால் செங்கோட்டைக்கு நேரே மலைத்தொடர் தாழ்ந்து ஒரு வாசல் மாதிரி திறந்திருக்கிறது. 1904ல் கொல்லம் ரயிலைக் கொண்டுவந்ததும் அந்த வாசல் வழியாகத்தான், இன்றைக்கு வைக்கோல் லாரியும் காய்கறி லாரியும் ஏறிப் போவதும் அதன் வழியாகத்தான். அதே வாசலில்தான் மேகமும் காற்றும் இந்தப் பக்கம் வழிகிறது, அதைத்தான் நாம் குற்றாலச் சாரல் என்று கொண்டாடுகிறோம். ஆக 55 கிலோமீட்டர் வெயிலில் வந்து, தென்காசியில் சாரலில் முகத்தைக் காட்டிச் சிரித்து, அடுத்த அரை மணி நேரத்தில் பெருமழைக்குள் போய்விடுகிறீர்கள். பாளையங்கோட்டை வானத்தைப் பார்த்து ரெயின்கோட்டை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்கள்தான் ஆரியங்காவில் நடுங்குகிறார்கள். ரெயின்கோட்டைச் செங்கோட்டை டீக்கடையிலேயே, சட்டை காய்ந்திருக்கும்போதே மாட்டிவிட வேண்டும். நனைந்தபின் மாட்டினால் உள்ளே இருக்கிற ஈரத்தைப் பூட்டி வைத்தது போலத்தான்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த முக்கால் மணி நேரம். எட்டு வண்டி முன்னால் போயிருக்கிறது, எட்டுப் பேரில் ஒருவர் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு இதை எழுதும்போதே கோபம் வருகிறது, ஏனென்றால் நான் அந்த எட்டுப் பேரில் ஒருவனாக இருந்திருக்கிறேன்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஆறு வண்டியில் அச்சன்கோவில் போனோம். பண்பொழி, மேக்கரை தாண்டி காட்டுக்குள் ஏறுகிற ஒடுங்கின ரோடு. நான்தான் முதல் வண்டி. மழை விட்டு விட்டுப் பெய்தது, வளைவுகளில் செம்மண் கரைந்து ரோட்டின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஓர் இடத்தில் நிறுத்தி, மேகம் விலகி அடிவாரம் தெரிவதைப் பார்த்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டு நின்றபோது ஒருவன் எண்ணினான், ஐந்து வண்டிதான் இருந்தது. மூத்திரம் பெய்ய நின்றிருப்பான் என்று அதற்கு மேலும் பத்து நிமிஷம் நின்றோம். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

இறங்கி வந்தால் நாலாவது வளைவில் வண்டி சாய்ந்து கிடந்தது. சகதியும் ஈர இலையும் சேர்ந்து வழுக்கிவிட்டிருந்தது. காலை எப்படியோ உருவிவிட்டான், ஆனால் சைலன்சர் பட்டு கெண்டைக்காலில் தோல் சுருண்டிருந்தது. ஒரு செருப்பு காலில், இன்னொன்று ஓடைத் தண்ணீரில். நடக்க முடியாத அந்த நிலைமையிலும் கையை நீட்டி இண்டிகேட்டரைப் போட்டுவிட்டிருந்தான், வளைவில் லாரி ஏதும் வந்தால் தெரியட்டும் என்று. மழைக்குள் அந்த மஞ்சள் லைட் மட்டும் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் அவன் திட்டவில்லை. "எல்லாரும் வந்துட்டியளா?" என்று கேட்டான். தனியாக நாற்பது நிமிஷம் கிடந்தவன் கேட்ட முதல் கேள்வி அது.

அன்றைக்கு எங்கள் குழுவில் ஒன்று முடிவானது, இன்றுவரை அதை மீறியதில்லை. கண்ணாடியில் பின்வண்டியின் லைட் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் வேகத்தைக் குறை. அப்பவும் தெரியவில்லையா, பாதுகாப்பான ஓரம் பார்த்து நின்றுவிடு. நீ நின்றால் உன் முன்னால் போகிறவன் கண்ணாடியில் நீ காணாமல் போவாய், அவனும் நிற்பான், இப்படி முதல் வண்டி வரைக்கும் எல்லாரும் தானாகவே நின்றுவிடுவார்கள். போன் வேண்டாம், சிக்னல் வேண்டாம். கடைசி வண்டியாக, நன்றாக ஓட்டத் தெரிந்த, பஞ்சர் சாமானும் மருந்துப் பெட்டியும் வைத்திருக்கிற ஓர் ஆள். அவரை ஸ்வீப் என்பார்கள், அவர் யாரையும் முந்தக் கூடாது. இருப்பதிலேயே சின்ன வண்டிக்கு இரண்டாவது இடம், முதல் வண்டி அதன் வேகத்துக்குத்தான் போக வேண்டும். உங்கள் அப்பாவின் வண்டி அங்கே இருந்திருக்க வேண்டியது. அதைக் கடைசியில் விட்டுவிட்டு, அது பின்தங்கியது என்று சிரிப்பது என்ன நியாயம்?

சரி, இனி உங்களையும் ஒன்று கண்டிக்க வேண்டும். நியூட்ரலில் இறங்கியது பெரிய தப்பு. உயிர் தப்பியது உங்கள் நல்ல நேரம். கியரில் இல்லாத வண்டியை இன்ஜின் பிடித்து நிறுத்தாது, மொத்த பாரமும் பிரேக்கில் விழும். பழைய வண்டிக்கு டிரம் பிரேக், அதற்குள் தண்ணீர் போனால் முதல் இரண்டு மூன்று தடவை பிடிக்காமல் வழுக்கும், தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறியும் பிடிமானம் போகும். புளியரை எஸ் வளைவுக்கு மேலிருந்து இரண்டாவது கியரில் விடுங்கள், வண்டி உறுமட்டும், பரவாயில்லை. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் போங்கள். தண்ணீருக்குள் இறங்கி ஏறினால் பிரேக்கை லேசாக அழுத்தியபடி கொஞ்ச தூரம் ஓட்டினால் காய்ந்துவிடும். ரோட்டில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டின் மேல் ஈரத்தில் சக்கரத்தை ஏற்றாதீர்கள். ஏறி வருகிற லாரிக்கு வழி விடுங்கள், மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை, அது நம் நாட்டு ஓட்டுநர் விதியிலேயே இருக்கிறது.

மாஞ்சோலை பற்றி. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, காட்டிலாகா அனுமதி இல்லாமல் மணிமுத்தாறுக்கு மேலே கூட்டமாகக் கிளம்பிப் போகிற பேச்சே வேண்டாம். டிசம்பர் அதைவிட வேண்டாம். ஆடியில் செங்கோட்டைப் பக்கம் நனைகிற மாதிரி, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழைக்கு மாஞ்சோலையும் அதற்கு மேலே இருக்கிற ஊத்து, நாலுமுக்கு எஸ்டேட்டுகளும் நனைகின்றன. 2023 டிசம்பர் 17, 18 நமக்கெல்லாம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, தாமிரபரணி ஊருக்குள் வந்தது. அந்த மாதத்தில் மலை ரோட்டில் என்ன வேலை?

கூட்டத்தோடு போகலாமா என்று கேட்டீர்கள். போங்கள், ஆனால் அந்தக் கூட்டத்தோடு அல்ல. அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். கண்ணாடி விஷயத்தை அவர்களிடம் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், கேட்டுக்கொண்டால் நல்லது. கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு நாங்கள் ஐந்து பேர் தென்மலை போகிறோம். காற்று குறைந்திருக்கும். மதியத்துக்கு மேல் இடிமழை வரக்கூடிய மாசம் என்பதால் இரண்டு மணிக்குள் புளியரை இறங்கிவிடுகிற கணக்கு. கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தின் கீழே நிறுத்திக் காலைச் சாப்பாடு. அச்சன்கோவிலில் விழுந்த நண்பனும் வருகிறான், கெண்டைக்காலில் ரூபாய் அகலத்துக்குத் தழும்பு இருக்கிறது, கேட்டால் காட்டுவான். நீங்களும் அத்தை மகனும் வாருங்கள். அதற்கு முன்னால் பின்பிரேக் கட்டையை மெக்கானிக்கிடம் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், டயர் பட்டனையும் பாருங்கள். உங்களுக்கு இரண்டாவது இடம். கடைசி வண்டி நான்.

அன்புடன்,
அண்ணாச்சி