மரவீட்டுக்குச் சிமெண்ட் பூசலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில், போரில் அழிந்த இடத்தில் மீண்டும் எழுப்பிய 'புதிய பழைய நகரம்' எனக்கு சினிமா செட் போலவே பட்டது. அங்கிருந்து குவெட்லின்புர்க் என்ற பழைய ஊருக்குப் போனேன். சாய்ந்து நிற்கும் மரச்சட்ட வீடுகள். இல்லாததைக் கட்டுகிறார்கள், இருப்பதைத் தொடவிடுவதில்லை. சிமெண்ட் பூசி, உள்ளே தெர்மோகோல் ஒட்டினால் என்ன? மரபு என்று சொல்லி மனிதர்களை ஏன் குளிரில் வைக்க வேண்டும்?

கா.

அன்புள்ள கா.,

பழைய மரவீடுகளை எது கொல்கிறது என்று எழுத நினைத்திருந்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் 2018இல் முடிந்த 35 வீடுகளில் 15தான் 1944 குண்டுவீச்சில் அழிந்தவற்றின் மறுஆக்கம். மீதி 20 புது வடிவமைப்பு. எது எதென்று பார்த்துவிட்டுத் திட்டுங்கள். அது கிடக்கட்டும்.

குடியிருப்பவர்களின் குளிரை நினைத்தீர்களே, அந்த மனசு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சிமெண்ட் என்று எப்படி ஐயா எழுதினீர்கள்? அந்த மாதிரி வீடுகளில் பெரும்பாலும் ஓக் மரச் சட்டங்களுக்கு நடுவே குச்சிகளைப் பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பியிருக்கிறார்கள். ஓக் ஈரத்துக்கேற்ப விரியும், சுருங்கும். மரமும் மண்ணும் சேருமிடத்தில் மயிரிழை விரிசல் இருந்தே தீரும், மழை அதில் நுழையும். களிமண் அதை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும். சிமெண்ட் பூசினாலும் விரிசல் வரும், ஆனால் நுழைந்த நீர் வெளியேற வழியிராது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சை பிடிக்கும். விரிசலில் சிலிக்கான் அடைப்பது அதைவிட மோசம். மரம் சுருங்கும்போது ஒரு பக்கம் பிய்ந்து, நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே வழுவழுவென்றிருக்கும் தூணில் ஆணி பொதபொதவென்று இறங்கும்.

இற்ற பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, உலர்ந்த பழைய ஓக்கை இணைத்து, மரமுளை அடித்து இறுக்க வேண்டும். சட்டங்களுக்கு நடுவிலுள்ள கட்டத்தின் உள்விளிம்பில் முக்கோண ரீப்பர் அடித்தால் மண் நழுவாது. களிமண் காய்ந்து சுருங்கியதும் தெரியும் இடைவெளியை மறுபடி களிமண்ணாலேயே அடைக்க வேண்டும். வசந்தத்தில் தொடங்கினால்தான் உறைபனிக்கு முன் காயும். மேலே சுண்ணாம்புப் பூச்சு ஒன்றரை செ.மீ.க்கு மிகாமல், மரத்தின் முகத்தோடு சமமாக இருக்க வேண்டும். துருத்தினால் அந்த விளிம்பில் நீர் தங்கும். பூச்சு ஈரமாக இருக்கும்போதே மரத்தை ஒட்டிக் கரணையால் கீறிவிட்டால், விரிசல் கண்ட இடத்தில் ஓடாமல் கீறலோடு நிற்கும்.

குளிருக்கு உட்புறம் 4 முதல் 6 செ.மீ. மரநார்ப் பலகை போதும். ஈரக் களிமண்ணில் இடைவெளியே இல்லாமல் அழுத்தி ஒட்ட வேண்டும். இடைவெளி விட்டால் வீட்டு நீராவி அங்கே குளிர்ந்து நீராகும். இன்னும் தடிமனாக ஒட்டினால் வெளிச்சுவர் மேலும் குளிர்ந்து, உலரவே உலராது. தெர்மோகோலை மறந்துவிடுங்கள்.

தொடவிடுவதில்லை என்பதும் தவறு. தன் வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையாளர் அங்கீகரிக்கப்பட்ட சீரமைப்புச் செலவில் ஆண்டுக்கு 9 சதவீதம் வரை 10 ஆண்டுகள் வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். வேலை தொடங்கும் முன்பே மரபுக் கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்தோடு பேசி முடித்திருக்க வேண்டும். முதலில் கொத்தனாரைக் கூப்பிட்டவருக்கு அந்தச் சலுகை கிடையாது.