கொலுசு வெள்ளியும் பேட்டரித் தண்ணீரும்

“மூன்று 9 வோல்ட் பேட்டரி, பழைய கொலுசில் இரண்டு துண்டு, பெட்ரோல் பங்கில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டர் வைத்துக் கூழ்ம வெள்ளி தயாரித்தேன். டிடிஎஸ் மீட்டர் 15 காட்டுகிறது. சரியாக வந்திருக்கிறதா? சளிக்குத் தினமும் ஒரு ஸ்பூன் குடிக்கலாமா? எப்படிப் பத்திரப்படுத்துவது?” – ஒரு வாசகர்

கூழ்ம வெள்ளி என்பது மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள் மிதக்கும் தண்ணீர். முதல் கோளாறு கொலுசில்தான். நகை வளையாமல் நிற்க வெள்ளியில் செம்பு சேர்ப்பார்கள். கடையில் ‘எத்தனை டச்’ என்று பேசுவது அந்தக் கணக்கைத்தான். மின்சாரம் பாய்ந்தால் செம்பும் கூடவே கரையும். பரிசோதனைக்கு என்றால் 999 சுத்த (99.9 சதவீத) வெள்ளிக் கம்பி வேண்டும். பேட்டரிக்காக விற்கும் தண்ணீர் குடிப்பதற்கு அல்ல. அதற்காகக் குழாய்த் தண்ணீருக்கு மாறிவிடாதீர்கள், அதிலுள்ள குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து பால்போலக் கலங்கிவிடும்.

அப்புறம் அந்த 15. தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் உண்மையில் அளப்பது தண்ணீரின் மின்கடத்தலை மட்டும். கரைந்திருப்பது வெள்ளியா செம்பா என்று அதற்குத் தெரியாது, மிதக்கும் துகள்கள் அதன் கணக்கிலேயே வராது. துகள் இருக்கிறதா என்று பார்க்க, இருட்டறையில் கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டில் லேசர் அடியுங்கள். ஓட்டை ஓட்டின் வழியே இறங்கும் வெயில்போல ஒளிக்கோடு தெரிந்தால் துகள் உண்டு. வேறொரு டம்ளரில் கொஞ்சம் ஊற்றி ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள். வெண்புகைபோலக் கலங்கினால் அது அயனி வெள்ளி, அதாவது துகளாக மிதக்காமல் மின்னேற்றத்தோடு கரைந்திருக்கும் வெள்ளி. வீட்டில் செய்வதில் பெரும்பகுதி இந்த அயனிதான், ‘கூழ்மம்’ என்பது பாதிப் பெயர்.

குடிக்கலாமா? வேண்டாம். மீட்டரை அப்படியே நம்பினால்கூட லிட்டருக்கு 15 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 அனுமதிப்பது 0.1 மில்லிகிராம், அதாவது உங்களுடையது அதைப்போல 150 மடங்கு. அமெரிக்காவின் மொன்டானாவில் 2002இல் செனட் தேர்தலில் நின்ற ஸ்டான் ஜோன்ஸ், 2000ஆம் ஆண்டு பிறந்ததும் கணினிகள் முடங்கிவிடும் என்ற ஒய்2கே பயத்தில் 1999 முதல் வீட்டிலேயே இதைத் தயாரித்துக் குடித்தவர். தோல் நீலச் சாம்பலாகிவிட்டது. ஆர்ஜீரியா எனும் இந்த நிறமாற்றம் தானாக மறையாது. அதே 1999இல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, கடையில் விற்கும் கூழ்ம வெள்ளி மருந்துகள் பாதுகாப்பானவையாகவோ பலனுள்ளவையாகவோ ஏற்கப்படவில்லை என்று அறிவித்தது. தீக்காயத்துக்கு வெள்ளிக் களிம்பு போடுகிறார்களே என்பீர்கள். அது வெளிப்பூச்சு, மருத்துவர் பார்வையில் போடுவது.

பரிசோதனைக்காக வைத்திருப்பதென்றால் பழுப்புநிறக் கண்ணாடிப் புட்டி, இருட்டு அலமாரி போதும். வெளிச்சம் பட்டால் கறுக்கும். ஃப்ரிட்ஜ் வேண்டாம், யாராவது தண்ணீர் என்று எடுத்துக் குடித்துவிடுவார்கள். புட்டியில் பெயரும் தேதியும் ஒட்டுங்கள்.

ஏற்கெனவே குடித்து வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள், முக்கியமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள். அந்த மாத்திரை உடலில் சேர்வதை வெள்ளி தடுக்கும்.