உட்கோணம் 156° என்றால் எத்தனை பக்கங்கள்?

உட்கோணம் 156° உள்ள ஒழுங்கு பலகோணத்துக்கு (எல்லாப் பக்கங்களும் கோணங்களும் சமமா இருப்பது) எத்தனை பக்கம்னு பார்க்க, 360-ஐ 156-ஆல் வகுத்தால் 2.3 வருதுன்னு கேட்டிருந்தீங்க. வகுக்க வேண்டியது வெளிக்கோணத்தால்.

பலகோணத்தின் ஓரமாகவே நடக்கிறதா நினைச்சுப் பாருங்க. ஒவ்வொரு முனையிலும் கொஞ்சம் திரும்புறீங்க. கிளம்பின இடத்துக்கு வந்து பழைய திசையைப் பார்க்கும்போது மொத்தமா ஒரு முழுச்சுற்று, 360°, திரும்பியிருப்பீங்க. பக்கம் எத்தனை இருந்தாலும் இது மாறாது. வடிவியலில் எனக்கு ரொம்பப் பிடிச்ச உண்மை இது.

இங்கே ஒரு முனையில் திரும்புவதுதான் வெளிக்கோணம்: 180 − 156 = 24°. ஆக 360 ÷ 24 = 15 பக்கங்கள்.

சரிபார்க்க: எல்லா உட்கோணங்களின் கூட்டுத்தொகை (15 − 2) × 180 = 2340. அதை 15-ஆல் வகுத்தால் 156.

முழு எண் வரலைன்னா அப்படி ஒரு ஒழுங்கு பலகோணமே கிடையாது. 155° போட்டுப் பாருங்க, 14.4 வரும்.